முன்னுக்கு வாற ரெண்டு சின்னச் சொல்லு: இங்கிலீஷில பிரிப்பொசிஷனும் டிட்டெர்மினரும் சேருற விதம், முழு வழிகாட்டி

திருகோணமலைக்குக் கிட்ட இருக்கிற நிலாவெளியில இருந்து புறாத்தீவுக்கு போட் ஓடுற ஒரு தம்பி என்னட்ட பின்னேரக் கிளாசுக்கு வாறவர். பயமில்லாம இங்கிலீஷ் கதைப்பார், அதுவே பெரிய விசயம். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதியப் பாத்து "ப்ளீஸ் சிட் இன் ஃப்ரண்ட் ஒவ் த போட்" எண்டு சொல்லியிருக்கார், போட்டின்ட முன்பக்கத்தில ஏறி இருங்க எண்டதுதான் அவர்ட நினைப்பு. அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்திட்டு, போட்டுக்கு முன்னால கிடந்த ஈரமணல்ல போய் இருந்திட்டாங்க. குறைஞ்சது ஒரேயொரு "த". "இன் த ஃப்ரண்ட் ஒவ் த போட்" எண்டா போட்டுக்குள்ள முன்பக்கம், "இன் ஃப்ரண்ட் ஒவ் த போட்" எண்டா போட்டுக்கு வெளிய, அதுக்கு முன்னால.

அண்டைக்குப் பின்னேரமே கொப்பியோட வந்து "அக்கா, இந்த 'த'வ எங்க போடுறது, எங்க விடுறது, இன், ஒன், அட்டோட அது எப்பிடிச் சேருது எண்டு ஒருக்கா முழுசாச் சொல்லித் தாங்க" எண்டு கேட்டார். அவருக்குக் கிழமைக் கணக்காச் சொல்லிக் குடுத்தத அதே ஒழுங்கில இஞ்ச எழுதுறன். இங்கிலீஷ் சொல்ல எல்லாம் தமிழ் எழுத்திலயே எழுதியிருக்கன், ஏனெண்டா இது கண்ணால வாசிச்சுப் பழகுற விசயமில்ல, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் படியும். ஒரு சின்ன கவனம்: "ஒவ்" எண்டு நான் எழுதுறது "இன்ட, உடைய" எண்ட கருத்தில வாறது, கடைசியில "வ்" சத்தம். லைட்ட "ஒஃப்" பண்ணுறது வேற சொல்லு. எங்கட ஆக்கள் கனபேர் ரெண்டையும் ஒரே மாதிரிச் சொல்லுவாங்க, அத முதல்லயே பிரிச்சு வச்சுக்கொள்ளுங்க.

முதல் பேர் தெரியட்டும்

இன், ஒன், அட், டு, ஃப்ரொம், வித், பை, ஃபோர், ஒவ் மாதிரிச் சொல்லுகள்தான் பிரிப்பொசிஷன். எ, அன், த, திஸ், தட், தீஸ், தோஸ், மை, யுவர், ஹிஸ், ஹேர், அவர், சம், எனி, எவ்ரி, ஈச், நோ மாதிரி, பேர்ச்சொல்லுக்கு முன்னுக்கு நிண்டு எது, ஆர்ட, எத்தின எண்டு காட்டுறதெல்லாம் டிட்டெர்மினர். பள்ளிக்கூடத்தில ஆர்ட்டிகிள் எண்டு படிச்ச எ, அன், த மூண்டும் இந்தக் குடும்பத்துக்குள்ளதான் வரும்.

இதுகள ஏன் விட ஏலாது எண்டா, "த" எண்டதுதான் இங்கிலீஷில ஆகக்கூடுதலாப் பாவிக்கிற சொல்லு, டு, ஒவ், எ, இன் எல்லாம் அதுக்குக் கிட்டவே முன்வரிசையில நிக்கிற சொல்லுகள். அதால நீங்க ஒரு நாளைக்கு இங்கிலீஷில 20 வசனம் கதைச்சீங்கெண்டா கிட்டத்தட்ட 20லயும் இதில ஒண்டு வரும். பெரிய பெரிய சொல்லுகளப் பாடமாக்கிக் கொண்டு திரியுற பிள்ளையளுக்கு நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது இதுதான், இந்த முப்பது நாப்பது சின்னச் சொல்லும் சரியா விழுந்தா உங்கட இங்கிலீஷ் உடனயே வேற மாதிரிக் கேக்கும்.

படி 1: வாலத் தலைக்குக் கொண்டு வாங்க

எங்களுக்கு வேற்றுமை உருபு பின்னால ஒட்டுறது. கடையில, கடைக்கு, கடையால, கடையோட. இங்கிலீஷ்காரனுக்கு அதே வேலையச் செய்யுற சொல்லு முன்னால தனிய நிக்கும். இது எல்லாரும் சொல்லுறது. ஆனா கிளாசில ஆரும் காட்டாத ஒண்டு இருக்கு, அதப் பாருங்க.

"அந்தப் பெரிய கடையில" எண்டத எடுங்க. அந்த, பெரிய, கடை, இல. இப்ப கடைசியில இருக்கிற "இல"வ மட்டும் கழட்டி முன்னுக்கு வையுங்க. இல, அந்த, பெரிய, கடை. "இன் தட் பிக் ஷொப்". மிச்ச மூண்டும் இருந்த ஒழுங்கிலயே இருக்கு! "என்ட பழைய சைக்கிள்ல" எண்டா "ஒன் மை ஓல்ட் பைசிக்கிள்". "எங்கட புது ரீச்சரோட" எண்டா "வித் அவர் நியூ டீச்சர்". "ஒரு சின்னக் கத்தியால" எண்டா "வித் எ ஸ்மோல் நைஃப்". வாலத் தூக்கித் தலையில வச்சா காணும், வசனத்தின்ட அந்தத் துண்டு இங்கிலீஷ் ஒழுங்குக்கு வந்திடும்.

இதால ஒரு சட்டமும் தன்பாட்டில விளங்குது. பிரிப்பொசிஷன் எப்பவும் முதல், டிட்டெர்மினர் அதுக்குப் பிறகு, அடைமொழி அதுக்கும் பிறகு, கடைசியில பேர். "த இன் ஷொப்" எண்டு ஒருநாளும் வராது. "மேசைக்குக் கீழ" மாதிரி வால் ரெண்டு துண்டா இருந்தாலும் பயப்பிடத் தேவையில்ல, ரெண்டும் சேந்து "அண்டர்" எண்டு முன்னுக்குப் போகும், "அண்டர் த டேபிள்".

முதல் ரெண்டு மூண்டு நாளைக்கு வேற ஒண்டும் செய்யாம இத மட்டும் செய்யுங்க. வீட்டில கண்ணில படுறதெல்லாம், குசினியில, அலுமாரிக்குள்ள, கிணத்தடியில, எண்டு ஒவ்வொண்டுக்கும் வால எடுத்து முன்னுக்கு வையுங்க.

படி 2: நடுவில ஒரு கதிரை இருக்கு, அத வெறுமனே விடாதீங்க

பிரச்சினை வாறது இஞ்சதான். தமிழில "கத்தியால வெட்டினன்" எண்டா காணும், "ஒரு" தேவையில்ல. அதால நாங்க இங்கிலீஷிலயும் "ஐ கட் இட் வித் நைஃப்" எண்டு சொல்லிப் போடுறம். இங்கிலீஷில எண்ணக்கூடிய ஒரு பொருள், ஒருமையில நிண்டா, அதுக்கு முன்னுக்கு ஒரு டிட்டெர்மினர் இருந்தே ஆகவேணும். பிரிப்பொசிஷனுக்கும் பேருக்கும் நடுவில ஒரு கதிரை போட்டிருக்கு எண்டு நினையுங்க. அதில எ இருக்கலாம், த இருக்கலாம், மை இருக்கலாம், திஸ் இருக்கலாம், ஆனா ஆராவது ஒருத்தர் இருக்கவேணும்.

எங்கட ஆக்கள் இந்தக் கதிரைய வெறுமனே விடுற இடம் நாலு சொல்லுக்குப் பிறகு: வித், வித்தவுட், அஸ், இன். "ஐ வேர்க் அஸ் குக்" எண்டு ஹொட்டேல் இன்டர்வியூவில சொல்லாத பிள்ளையே இல்ல, "ஐ வேர்க் அஸ் எ குக்" எண்டு சொல்லவேணும். "ஷீ கேம் வித்தவுட் அன் அம்ப்ரெல்லா". "ஹி இஸ் இன் எ ஹரி". "கம் வித் எ ஃப்ரெண்ட்".

எ எப்ப, அன் எப்ப எண்டது தமிழ் படிச்ச ஆளுக்குப் புதுசே இல்ல. ஒரு வீடு, ஓர் ஊர். உயிர்ச்சத்தத்துக்கு முன்னால எங்களுக்கு "ஓர்", அவங்களுக்கு "அன்". அந்தச் சொல்லு பழைய இங்கிலீஷில ஒண்டு எண்ட எண்ணில இருந்து வந்ததுதான், எங்கட ஒரு, ஓர் மாதிரியே. எழுத்தப் பாக்காதீங்க, சத்தத்தக் கேளுங்க. "அன் அவர்" எண்டு வாறது, எழுத்தில முன்னுக்கு எச் இருந்தாலும் அது சத்தம் போடாததால. "எ யுனிவர்சிட்டி" எண்டு வாறது, எழுத்து யு எண்டாலும் சத்தம் "யூ" எண்டு தொடங்குறதால.

"த" எண்டதுக்குத் தமிழில சொல்லில்ல எண்டு கவலப்படுறவங்களுக்கு ஒரு வழி சொல்றன். பழைய இங்கிலீஷில "த", "தட்" ரெண்டும் ஒரே சுட்டுச் சொல்லில இருந்து பிரிஞ்சதுகள். அதால உங்கட வசனத்தில "அந்த" எண்டு போட்டுப் பாருங்க. கேக்கிறவருக்கு எது எண்டு தெரியுமெண்டா "த". "நேற்று ஒரு கோயிலுக்குப் போனன், கோயில்ல சரியான சனம்." ரெண்டாவது கோயில் முதல் சொன்ன அதே கோயில், "அந்தக் கோயில்ல" எண்டு போட்டாப் பொருந்துது. அதால "ஐ வென்ட் டு எ டெம்பிள். தெயார் வோஸ் எ பிக் க்ரவுட் இன் த டெம்பிள்." அதோட வெயில், மழை, இருட்டு மாதிரி எல்லாருக்கும் பொதுவான ஒண்டுக்கும் த தான்: "இன் த சன்", "இன் த ரெயின்", "இன் த டார்க்". "அட் த சேம் டைம்" எண்டதயும் இதோட பாடமாக்குங்க, சேம் எண்டு வந்தா கிட்டத்தட்ட எப்பவும் முன்னுக்கு த வரும், "இன் சேம் டைம்" எண்டு சொல்லுறது பிழை.

இன்னொரு ஒளிஞ்சிருக்கிற விசயம், சொந்தம். தமிழில "கையில காயம்", "பொக்கட்டில காசிருக்கு", "அம்மாவோட போனன்" எண்டு சொல்லேக்க ஆர்ட கை, ஆர்ட அம்மா எண்டு சொல்லுறேல்ல, அது தெரிஞ்சதுதானே. இங்கிலீஷில அத வாய்விட்டுச் சொல்லவேணும். "எ கட் ஒன் மை ஹேண்ட்", "மணி இன் மை பொக்கட்", "வித் மை மதர்". ஆனா மற்ற ஆளுக்கு அடிபட்டதச் சொல்லேக்க மாறும்: "த போல் ஹிட் ஹிம் ஒன் த ஹெட்". ஆள முதலே "ஹிம்" எண்டு சொல்லியாச்சு, அதால தலைக்கு த காணும்.

கதிரையில ஒருத்தர்தான் இருக்கலாம் எண்டதையும் மறக்காதீங்க. "திஸ் மை ஃப்ரெண்ட்", "த மை ஹவுஸ்" ரெண்டும் ஏலாது. "என்ட இந்தப் போன்" எண்டு சொல்லவேணுமெண்டா ஒருத்தர் கதிரையில இருக்க, மற்றவர் ஒவ்வோட பின்னால போகவேணும். "திஸ் ஃபோன் ஒவ் மைன்". "என்ட ஒரு கூட்டாளி" எண்டா "எ ஃப்ரெண்ட் ஒவ் மைன்". இது எனக்குச் சரியான பிடிச்ச இடம், ஏனெண்டா டிட்டெர்மினருக்கு இடம் காணாமப் போகேக்க பிரிப்பொசிஷன் வந்து கைகுடுக்குது.

படி 3: கதிரைய வேணுமெண்டே வெறுமனே விடுற இடங்கள்

இப்பத்தான் வெறுமனே விடாதீங்க எண்டு சொன்னன், ஆனா சில இடத்தில விட்டே ஆகவேணும். அட் ஹோம், அட் ஸ்கூல், அட் வேர்க், இன் பெட், இன் ஹொஸ்பிட்டல், இன் ப்ரிசன், ஒன் ஃபுட், பை ஹேண்ட். இதுகள்ல நாங்க கட்டடத்தையோ சாமானையோ சொல்லுறேல்ல, அங்க நடக்கிற வேலையச் சொல்லுறம்.

போன வருசம் ஒரு பிள்ளை தான் வேலை செய்யுற இடத்து மனேஜருக்கு "ஐ ஆம் இன் ஹொஸ்பிட்டல்" எண்டு மெசேஜ் போட்டுது. அவ போனது தங்கச்சியப் பாக்க. மனேஜர் வெளிநாட்டுக்காரர், பிள்ளையத்தான் வாட்டில போட்டிருக்காங்க எண்டு நினைச்சு, பதறிப்போய், ரெண்டு நாள் வேலைக்கு வேற ஆளப் போட்டிட்டார், பிள்ளைக்கு அந்த ரெண்டு நாள் சம்பளம் போச்சு. "இன் ஹொஸ்பிட்டல்" எண்டா நோயாளியா இருக்கிறது. பாக்கப் போனா, வேலைக்குப் போனா, "அட் த ஹொஸ்பிட்டல்". அதே மாதிரி பிள்ளை "அட் ஸ்கூல்", பிள்ளையக் கூட்டிவரப் போன அப்பா "அட் த ஸ்கூல்". அமெரிக்காக்காரர் நோயாளியையும் "இன் த ஹொஸ்பிட்டல்" எண்டுதான் சொல்லுவாங்க, யூடியூப்பில அப்பிடிக் கேட்டா குழம்பாதீங்க. எங்கட நாட்டில படிப்பிக்கிறது பிரிட்டிஷ் வழி.

இந்தக் கூட்டத்தில பாங்க், ஒஃபிஸ், மார்க்கெட், பீச் எதுவும் இல்ல. அதுகளுக்கு எப்பவும் கதிரையில ஆள் வேணும்: "டு த பாங்க்", "அட் தி ஒஃபிஸ்", "ஒன் த பீச்". கோயிலுக்கும் அப்பிடித்தான், "டு த டெம்பிள்". எங்கட பக்கம் "கோ டு டெம்பிள்" எண்டு கனபேர் சொல்லுறது காதில விழும், ஆனா சோதினையில த போட்டு எழுதுங்க.

இதில ஆகக்கூடக் கவனிக்கவேண்டியது "பை". பை பஸ், பை ட்ரெயின், பை கார், பை போட். பையோட கதிரை வெறுமையாத்தான் இருக்கவேணும். கதிரையில ஆராவது வந்து இருந்த உடன பை எழும்பிப் போயிடும், வேற பிரிப்பொசிஷன் வந்து நிக்கும்! "பை மை கார்" எண்டு இல்ல, "இன் மை கார்". "பை த நைட் ட்ரெயின்" எண்டத விட "ஒன் த நைட் ட்ரெயின்" தான் வழக்கம். திருகோணமலையில இருந்து கொழும்புக்கு எப்பிடிப் போனீங்க எண்டு கேட்டா "பை ட்ரெயின்". எந்த ட்ரெயின்ல எண்டு கேட்டா "ஒன் த நைட் ட்ரெயின்". எழும்பி நடக்க ஏலுமான வாகனத்துக்கு ஒன், பஸ், ட்ரெயின், கப்பல், பிளேன். குனிஞ்சு ஏறி உள்ளுக்க இருக்கிறதுக்கு இன், கார், வான், த்ரீவீல். சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மேல ஏறி இருக்கிறதால ஒன். சின்ன போட்டுக்கு ரெண்டும் சொல்லுவாங்க.

படி 4: நேரம்

இது நீளமான படி, ஆறுதலா வாசியுங்க.

"இன் த மோர்னிங், இன் தி ஆஃப்டர்நூன், இன் தி ஈவினிங்", ஆனா "அட் நைட்". இது பாடம், காரணம் தேடாதீங்க. கிழமை நாளுக்கு ஒன், "ஒன் ஃப்ரைடே". மாசத்துக்கும் வருசத்துக்கும் இன், "இன் ஜனவரி". மணிக்கு அட்.

இப்ப டிட்டெர்மினர் உள்ளுக்க வரேக்க என்ன நடக்குது எண்டு பாருங்க. திஸ், தட், எவ்ரி ஏதாவது ஒண்டு வந்தா பிரிப்பொசிஷன் முழுசா விழுந்திடும், லாஸ்ட், நெக்ஸ்ட் எண்டதுகள் வந்தாலும் அப்பிடித்தான். "திஸ் மோர்னிங்", "லாஸ்ட் நைட்", "நெக்ஸ்ட் ஃப்ரைடே", "எவ்ரி டே". "இன் திஸ் மோர்னிங்", "ஒன் நெக்ஸ்ட் ஃப்ரைடே", "அட் லாஸ்ட் நைட்" எல்லாம் பிழை.

இதப் பாடமாக்கத் தேவையே இல்ல, தமிழ் தெரிஞ்சாக் காணும். "காலமையில வாறன்" எண்டா வால் இருக்கு, இன் த மோர்னிங். "போன கிழமை வந்தன்", வால் இல்ல, லாஸ்ட் வீக். "நேற்று ராத்திரி மழை", வால் இல்ல, லாஸ்ட் நைட். "வாற வருசம் கலியாணம்", வால் இல்ல, நெக்ஸ்ட் இயர். எங்களுக்கும் "போன, வாற" எண்டு முன்னுக்கு வந்தா பின்னால உருபு தேவைப்படுறது குறைவு. ஒரேயொரு பொறி இருக்கு: "வெள்ளிக்கிழமை வந்தன்" எண்டு சொல்லேக்க தமிழில வால் இல்ல, ஆனா இங்கிலீஷில "ஒன் ஃப்ரைடே" எண்டு ஒன் போடவேணும். அத மட்டும் தனியா எழுதி வையுங்க.

அடுத்தது, "இன் த மோர்னிங்" எண்ட அதே காலம, ஒரு குறிப்பிட்ட நாளின்ட காலம எண்டு வந்தா இன் போய் ஒன் வரும். கடற்கரையில வெளிநாட்டு ஆக்கள் எங்கட ஆக்களிட்ட அடிக்கடி கேக்கிற கேள்வி சுனாமி எப்ப வந்தது எண்டது. "இட் கேம் ஒன் த மோர்னிங் ஒவ் த ட்வெண்டி சிக்ஸ்த் ஒவ் டிசம்பர், டூ தௌசண்ட் ஃபோர்." "இன் த மோர்னிங்" எண்டா பொதுவான காலமநேரம். "ஒன் த மோர்னிங் ஒவ்" எண்டா அந்த ஒரு நாள், 2004 டிசம்பர் 26 காலம. அண்டையக் கதையச் சொல்லேக்க பிரிப்பொசிஷன் பாத்துக் கொண்டிருக்க ஏலாது, எனக்குத் தெரியும், ஆனா இப்பிடிச் சொல்லிப் பழகினா அந்த நாளுக்குரிய பாரம் வசனத்துக்குள்ள வரும். இதே மாதிரித்தான் "ஒன் எ போயா டே", "ஒன் த நைட் ஒவ் த ஃபெஸ்டிவல்".

மணித்தியாலத்துக்கு மூண்டு கோலம் இருக்கு, போட் ஓடுற தம்பிக்கு ஆகத் தேவைப்பட்டது இதுதான். "வீ லீவ் இன் அன் அவர்", இன்னும் ஒரு மணித்தியாலத்தில வெளிக்கிடுவம். "வீ ஸ்டே தெயார் ஃபோர் அன் அவர்", அங்க ஒரு மணித்தியாலம் நிப்பம். "த ஃபர்ஸ்ட் போட் லெஃப்ட் அன் அவர் அகோ", முதல் போட் போய் ஒரு மணித்தியாலம். பேர் ஒண்டுதான், டிட்டெர்மினரும் ஒண்டுதான், இன், ஃபோர், அகோ எண்ட சொல்லுகள்தான் கருத்த மாத்துது.

பிரிப்பொசிஷன் இல்லாம "எ" தனிய நிண்டு எங்கட "-க்கு" வேலைய முழுசாச் செய்யுற இடமும் இருக்கு. கிழமைக்கு ரெண்டு தரம், "ட்வைஸ் எ வீக்". கிலோவுக்கு ஆயிரம் ரூவா, "எ தௌசண்ட் ருப்பீஸ் எ கிலோ". "ஃபோர் ஒன் கிலோ" எண்டு சொன்னாலும் விளங்கும், ஆனா மீன்கடையில வெள்ளைக்காரருக்கு விலை சொல்லுறதுக்கு "எ கிலோ"தான் இயல்பு.

படி 5: ஒவ் போட்டா பின்னால ஆள் வேணும்

"சம் ஃப்ரெண்ட்ஸ்" எண்டா கொஞ்சக் கூட்டாளியள், ஆரெண்டாலும். "சம் ஒவ் மை ஃப்ரெண்ட்ஸ்" எண்டா என்ட கூட்டாளியளில கொஞ்சப்பேர். சட்டம் இவ்வளவுதான்: சம், மோஸ்ட், மெனி, ஓல், நன் மாதிரிச் சொல்லுக்குப் பின்னால ஒவ் வந்தா, அதுக்குப் பின்னால த, மை, தீஸ் மாதிரி ஒரு டிட்டெர்மினர் வேணும், இல்லாட்டி அஸ், தெம் மாதிரி ஒரு சொல்லு வேணும்.

அதால "மோஸ்ட் ஒவ் பீப்பிள்" எண்டது பிழை. "மோஸ்ட் பீப்பிள் லைக் டீ" எண்டு பொதுவாச் சொல்லலாம். "மோஸ்ட் ஒவ் த பீப்பிள் இன் அவர் லேன்" எண்டு ஒரு கூட்டத்தக் காட்டிச் சொல்லலாம். "எவ்ரி ஒவ்" எண்டு இல்ல, "ஈச் ஒவ்" அல்லது "எவ்ரி வன் ஒவ்". "நோ ஒவ்" இல்ல, "நன் ஒவ்". ஓல் கொஞ்சம் விட்டுக்குடுக்கும், "ஓல் த போட்ஸ்", "ஓல் ஒவ் த போட்ஸ்" ரெண்டும் சரி, ஆனா "ஓல் அஸ்" ஏலாது, "ஓல் ஒவ் அஸ்".

"வன் ஒவ் மை ஃப்ரெண்ட்" எண்டு எத்தின பேர் சொல்லிக் கேட்டிருக்கன், நல்லாப் படிச்ச ஆக்களும் சொல்லுவாங்க. தமிழில யோசியுங்க. "என்ட கூட்டாளியளில ஒருத்தன்." கூட்டாளியள், பன்மை! ஒரு ஆளுக்குள்ள இருந்து ஒருத்தன எடுக்க ஏலாது, கனபேருக்குள்ள இருந்துதான் எடுக்கலாம். "வன் ஒவ் மை ஃப்ரெண்ட்ஸ்". கன்னியாவில ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கு, ஒவ்வொண்டிலயும் சூடு வித்தியாசம், அதச் சொல்லிக் காட்டவேணுமெண்டா "வன் ஒவ் த செவன் வெல்ஸ் அட் கன்னியா". இந்தத் துண்ட வாய்ப்பாடமாக்குங்க, ஒவ், த, எண், பன்மை எல்லாம் ஒரே துண்டுக்குள்ள சரியா விழுந்திருக்கு.

படி 6: த இருந்தா ஒரு கருத்து, இல்லாட்டி வேற கருத்து

முதல் சொன்ன போட் கதை இந்த வகை. இன்னும் கொஞ்சம் இருக்கு. "அட் தி எண்ட் ஒவ் த ரோட்", ரோட்டின்ட முடிவில. "இன் தி எண்ட்", கடைசியில, எல்லாம் நடந்து முடிஞ்சு. "ஒன் த வே", வாற வழியில. "இன் த வே", வழிய மறிச்சுக் கொண்டு. "இன் எ வே", ஒரு விதத்தில. "அட் த மோமென்ட்", இப்ப. "இன் எ மோமென்ட்", இந்தா இப்ப வாறன். ஹொட்டேல் ரிசப்ஷனில நிக்கிறவங்களுக்கு இந்தக் கடைசி ரெண்டும் கட்டாயம், "த மனேஜர் இஸ் பிஸி அட் த மோமென்ட், ஹி வில் கம் இன் எ மோமென்ட்". "ஒன் டைம்", "இன் டைம்" ரெண்டுக்கும் த இல்ல. சொன்ன நேரத்துக்கு எண்டா ஒன் டைம், பிந்தாம போய்ச் சேருறது இன் டைம்.

படி 7: எங்கட இடப்பேரோட

"இன் ட்ரிங்கோமலி", த இல்ல. "அட் ஃபோர்ட் ஃப்ரெட்ரிக்", த இல்ல. தீவுக்கு ஒன், "ஒன் பிஜன் ஐலண்ட்". "இன் தி ஈஸ்டர்ன் ப்ரொவின்ஸ்", த இருக்கு. ஆத்துக்கும் சமுத்திரத்துக்கும் த இருக்கு, "இன் தி இண்டியன் ஓஷன்". மகாவலி கொட்டியாரக் குடாவில வந்துதான் கடல்ல விழுது, அத இங்கிலீஷில சொல்லிப் பாருங்க: "த மஹாவெலி ஃப்ளோஸ் இன்டு கொட்டியார் பே". ஆத்துக்கு த போட்டம், குடாவுக்குப் போடேல்ல. ஆனா வங்காள விரிகுடாவுக்கு "த பே ஒவ் பெங்கால்". ரெண்டும் பேதானே எண்டு கேப்பீங்க, வித்தியாசம் ஒவ்வில இருக்கு. பேர் "இது ஒவ் அது" எண்ட கோலத்தில வந்தா முன்னுக்கு த வரும். பேக் பே, டச் பே, கொட்டியார் பே, ஒவ் இல்ல, த இல்ல. நாட்டிலயும் "இன் ஸ்ரீலங்கா", ஆனா "இன் த மோல்டீவ்ஸ்", "இன் த யூகே". கனபேர்ட பிள்ளையள் மாலைதீவில வேலை, அதால இத எழுதி வையுங்க.

படி 8: சொல்லுற விதம்

பிரிப்பொசிஷனையும் டிட்டெர்மினரையும் இறுக்கிச் சொல்லாதீங்க. "இன், த, மோர்னிங்" எண்டு மூண்டையும் ஒரே பலத்தில சொல்லாம, முன்னால ரெண்டையும் மெதுவா ஒட்டி, "இன்த மோர்னிங்" எண்டு பேரில பலத்தப் போடுங்க. உயிர்ச்சத்தத்துக்கு முன்னால "த" எண்டது "தி" ஆகும், மேல நான் "தி ஈவினிங்", "தி ஒஃபிஸ்" எண்டு எழுதினது அதாலதான். இந்த ரெண்டு சின்னச் சொல்லையும் இப்பிடி மெதுவா ஒட்டிச் சொல்லிப் பழகினாத்தான், வெள்ளைக்காரர் வேகமாக் கதைக்கேக்க அது உங்கட காதில பிடிபடும், இல்லாட்டி அந்தச் சத்தமே உங்களுக்குக் கேக்காது.

பழகுறதுக்கு

டச் பே கரையால நடக்கேக்கயோ பஸ்ஸில போகேக்கயோ, கண்ணில படுற அஞ்சு விசயத்தத் தமிழில வாலோட சொல்லுங்க, பிறகு வாலத் தூக்கி முன்னுக்கு வச்சு, கதிரையில ஆர் எண்டு யோசிச்சு, இங்கிலீஷில சொல்லுங்க. போன்ல ரெக்கோட் பண்ணிப் பிறகு கேளுங்க. ஒரு கிழமைக்குப் பிறகு முதல்நாள் ரெக்கோடப் போட்டுக் கேட்டா, எங்கயெல்லாம் கதிரைய வெறுமனே விட்டிருக்கீங்க எண்டு உங்களுக்கே விளங்கும்.

இப்ப கீழ இருக்கிறத, விடையப் பாக்காம, வாய்விட்டுச் சொல்லுங்க. போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில கொழும்புக்குப் போனன். அக்காட காரில வந்தன். அப்பா வாட்டில இருக்கார். கோட்டைக்குள்ள கொஞ்ச மான் நிண்டது, அதில ஒண்டு எங்களுக்குக் கிட்ட வந்தது. குடையில்லாம மழையில நடந்தம். இன்னும் ஒரு மணித்தியாலத்தில போட் வெளிக்கிடும், நீங்க முன்பக்கத்தில இருங்க.

விடை: "ஐ வென்ட் டு கொலம்போ பை பஸ் லாஸ்ட் ஃப்ரைடே." லாஸ்ட் வந்ததால ஒன் விழுந்தது, பையோட கதிரை வெறுமை. "ஐ கேம் இன் மை சிஸ்டர்ஸ் கார்." மை சிஸ்டர்ஸ் எண்டு கதிரையில ஆள் வந்திட்டு, அதால பை போச்சு. "மை ஃபாதர் இஸ் இன் ஹொஸ்பிட்டல்", மை எண்டத விட்டிருந்தீங்கெண்டா திருப்பிச் சொல்லுங்க. "தெயார் வேர் சம் டியர் இன் த ஃபோர்ட், அண்ட் வன் ஒவ் தெம் கேம் நியர் அஸ்", டியர் எண்ட சொல்லுக்குப் பன்மையிலயும் அதே வடிவம்தான், அதால கவலப்படாதீங்க. "வீ வோக்ட் இன் த ரெயின் வித்தவுட் அன் அம்ப்ரெல்லா", ஒரு வசனத்தில த ஒண்டு, அன் ஒண்டு. கடைசி: "த போட் லீவ்ஸ் இன் அன் அவர், ப்ளீஸ் சிட் இன் த ஃப்ரண்ட்." நிலாவெளித் தம்பி இப்ப இதுக்குப் பின்னால "ஒவ் த போட்" எண்டதையும் சேத்து, ஒரே மூச்சில சொல்லுறார்.